சம்பந்தியம்மாவுக்குப் போன பதினொரு ‘ஆலும்’

கோவிலடி,
கீழ்ப்பிரிவு,
நிவித்திகல.
ஆகஸ்ட் 10, ஞாயிறு

தெரணியகலையில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் முத்துவீரன் அவர்களுக்கு, தங்கை கணவன் இருளப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் மழை. மற்றபடி நானும் உங்கள் தங்கையும் துஷ்யந்தியும் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் உங்கள் முழங்காலும் அக்காவின் பிரஷரும் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்க மாரியாத்தாளை வேண்டுகிறோம்.

சென்ற வியாழக்கிழமை நீங்கள் போன் எடுத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், “எத்தன கல்லு?” என்று கேட்டீர்கள். எனக்கு விளங்கவில்லை. அடுத்ததாக, “ஒண்ணுமில்லாமயா பொலிசு வீடு தேடி வரும்? அந்தக் கல்யாணத்துக்கு நான் சீர் தூக்கிக்கிட்டு வர மாட்டேன், சொல்லிட்டேன்” என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எடுக்கிற போதெல்லாம் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. உங்கள் தங்கையோ, “அண்ணன் வராம என் பொண்ண மணவறைல உக்கார வைக்க மாட்டேன். மாப்பிள்ள எந்த நாட்டு ராசாவா இருந்தா எனக்கென்ன” என்று அடுப்படியில் இருந்து அறிவித்துவிட்டாள். செப்டெம்பர் பதினான்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் விமான டிக்கட் போட்டாகிவிட்டது. ஆகவே துஷ்யந்தியின் கல்யாணம் இப்போது இந்தக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வாசிக்கவும். தப்பு பிள்ளையுடையது அல்ல. ஆழமாகப் பார்த்தால் என்னுடையதும் அல்ல. தப்பு ஒல்லாந்து மொழியின் இலக்கணத்தில் இருக்கிறது.

முதலில் மாப்பிள்ளை விஷயத்தைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வருடம் நான் பெயர் ரூபன் என்று சொன்னபோது நீங்கள், “எந்தத் தோட்டம்? அப்பா பேரு என்னா?” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் இரண்டு கிழமை விட்டுவிட்டேன். ரூபன் என்பது ஒல்லாந்திலும் வைக்கிற பெயர்தானாம். அவர் கலவானைப் பக்கம் சிங்கராஜக் காட்டுக்குப் பறவை பார்க்க வந்தவர். துஷ்யந்தி அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருந்தாள். மூன்று நாள் தங்க வந்தவர் பத்தொன்பது நாள் தங்கினார். பத்தொன்பது நாளும் பறவையைத்தான் பார்த்தார் என்று நான் நம்பினேன். இந்த இடத்தில் என் மேல் குறை சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த நாட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்துவதென்றால், போக முன்பே அவர்கள் மொழியில் ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாணிக்கக்கல் கடையின் மேல்மாடியில் நுஸ்ஹா டீச்சர் என்பவர் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார். ஆறு வருடம் அங்கே இருந்து வந்தவர். பத்தொன்பது நாள் சங்கதிக்குப் பிறகு உங்கள் தங்கை துஷ்யந்தியைத் தனியாக எங்கும் அனுப்புவதில்லை என்பதால் நானும் கூடப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளா நான்? இரண்டாம் கிழமையே ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். மச்சான், ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், நாம் வாயில் வைத்திருக்கிற சில சொல் அவர்கள் விட்டுப் போனது. ஆபீசை நாம் கந்தோர் என்கிறோமே, அது அவர்களுடையது. கக்கூஸும் அவர்களுடையது. முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் கிளாக்கராக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருந்தேன், அதனால் மொழி எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மகளுக்கு அவர்கள் ‘டொக்தர்’ என்று சொல்கிறார்கள். இதைக் கேட்ட உங்கள் தங்கை கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் நடந்து போய், சொல்ல வேண்டிய நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மே மாதம் ‘ஹூவெல்’ வந்தது. அது நம்முடைய ‘ஆலும்’. நுஸ்ஹா டீச்சர் சிங்களப் பிள்ளைகளுக்கு ‘வுணத்’ என்றும் எங்களுக்கு ‘ஆலும்’ என்றும் பலகையில் எழுதிப் போட்டார். மழை பெய்தாலும் வருகிறேன் என்பதை அவர்கள் “ஹூவெல் ஹெட் ரேகென்ட், கொம் இக்” என்பார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வினைச்சொல்லை. சாதாரணமாக அவர்களுடைய வினைச்சொல் வாக்கியத்தில் இரண்டாவது இடத்தில் இருக்கும், யார் வந்து நெருக்கினாலும் நகராது, பஸ்ஸில் டிரைவருக்குப் பின் ஸீட்டைப் பிடித்துக்கொண்டவர் மாதிரி. ஆனால் தொடக்கத்தில் ஹூவெல் வந்துவிட்டால் போதும், எழுந்து போய்க் கடைசியில் உட்கார்ந்துவிடும், அச்சு அசலாக நம் தமிழைப் போல. நான் கையைத் தூக்கி, “டீச்சர், இது எங்க வீட்டு வழக்கமுங்க” என்றேன். அதோடு நின்றிருந்தால் நல்லது. காற்புள்ளி தாண்டி அடுத்த பாதி தொடங்கும்போது அங்கே இருக்கிற வினைச்சொல் ‘நான்’ என்பதைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து நிற்கும், அதாவது ‘வருகிறேன் நான்’. ஆக, ‘பெய்கிறது’ இந்தப் பக்கம், ‘வருகிறேன்’ அந்தப் பக்கம், நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி. நம் தோட்டத்து வளைவில் இரண்டு கொழுந்து லொறி எதிரெதிரே வந்துவிட்டால் எப்படியோ அப்படி. வகுப்பில் ஒருத்தருக்கும் இது வரவில்லை. துஷ்யந்திக்கு இன்றைக்கும் வரவில்லை. எனக்கு அன்றைக்கே வந்தது. ‘ஓக் அல்’ என்று இன்னொரு ஆலும் இருக்கிறது, அதில் வினைச்சொல் வேறு விதமாக நடந்துகொள்ளும், அதையும் எழுதினால் முத்திரை போதாது.

அந்த உற்சாகத்தில்தான் சம்பந்தியம்மாவுக்கு ஒரு முறையான கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா பெயர் அன்னெகே, உங்கள் தங்கை அன்னம்மா என்கிறாள். பெண் கொடுக்கிற வீட்டார் பணிந்து எழுத வேண்டாமா? நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு நான் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கல்யாணத்திலும் அக்காவின் அப்பா சபையில் எழுந்து நின்று, “எங்க புள்ள குத்தங்கொறை செஞ்சாலும் உங்க புள்ளையா நெனச்சுப் பொறுத்துக்குங்க” என்று கும்பிட்டார். அதைக் கேட்டு அக்கா ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

ஆகவே அடுத்த சனிக்கிழமை துஷ்யந்தியோடு உங்கள் தங்கையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நான் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். போனில் இருக்கிற அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பதினொரு வாக்கியம், பதினொரு ஹூவெல். குற்றம் என்பதற்கு அகராதி ‘மிஸ்டிரைஃப்’ என்று தந்தது, சொல் கம்பீரமாக இருந்ததால் அதையே போட்டேன். எங்கள் மகள் மிஸ்டிரைஃப் செய்தாலும் மன்னிக்கவும். பெரியவர்களை எதிர்த்துப் பேசினாலும் பொறுக்கவும். சமையல் தெரியாவிட்டாலும் சொல்லிக்கொடுக்கவும். உங்கள் வீட்டுச் சாமான்களை உடைத்தாலும் மனதில் வைக்க வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனாலும் கூப்பிட்டுப் புத்தி சொல்லவும். இப்படியே போய், நாங்கள் ஏழைகளாக இருந்தாலும் எங்களை மதிக்கவும் என்று முடித்தேன். அந்தக் கடைசி ஒன்று மட்டும் உண்மை. ஒவ்வொரு வாக்கியத்திலும் விரல் வைத்துப் பார்த்து வினைச்சொல்லை அதனதன் இடத்தில் நிறுத்தினேன். கந்தோர்ப் பழக்கப்படி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தால் நிம்மதியாகத் தூங்கியது நான் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது.

பதினெட்டு நாள் கழித்து மாப்பிள்ளை போன் எடுத்தார். துஷ்யந்தி பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, அவங்க அம்மாவுக்கு என்னப்பா எழுதுனீங்க?”

“மொறையா எழுதுனேன்.”

“அவங்க ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலையாம். நான் எத்தன வருசம் உள்ள இருந்தேன்னு கேக்குறாங்களாம்.”

“எதுக்குள்ள?”

“ஜெயிலுக்குள்ளப்பா.”

அவர்கள் மனம் ஆற ஒரு பொலிஸ் நற்சான்று எடுத்து அனுப்ப முடியுமா என்று மாப்பிள்ளை மிகவும் தயங்கிக் கேட்டாராம். எடுப்பதில் நமக்கென்ன பயம், உடனே விண்ணப்பம் போட்டோம். அந்தக் கிழமையே என்னுடைய பிரதியைத் தூக்கிக்கொண்டு நுஸ்ஹா டீச்சரிடம் போனேன். வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். உட்கார்ந்தார். கீழே கல் கடையில் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிக் குடித்தார்.

“அங்கிள், சொல் ஒழுங்குல ஒரு பிழையும் இல்ல. பதினொண்டும் சரி. என்ட வகுப்புல இப்படி ஒருத்தரும் எழுதினதில்ல.”

“நன்றிங்க டீச்சர்.”

“நன்றி சொல்ல வேணாம் அங்கிள். ஹூவெல் போட்டா அது நடந்து முடிஞ்ச உண்மை. ‘எங்கட மகள் குற்றம் செய்றவதான், இருந்தாலும் மன்னிச்சிக்கோங்க’ என்டு எழுதியிருக்கீங்க. மிஸ்டிரைஃப் என்டா வழக்குப் போடுற குற்றம். நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்டத்துக்கு ‘செல்ஃப்ஸ் அல்ஸ்’ என்டு வேற ஒண்டு இருக்கு. அத அடுத்த கிழமையே படிச்சிக் குடுத்தேன். நீங்க வரல்ல.”

மச்சான், நான் வராத அந்தச் சனிக்கிழமைதான் கடிதம் எழுதிய சனிக்கிழமை. துஷ்யந்தி அந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறாள், ஆனால் நான் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் தங்கையும் கேட்டிருக்கிறாள், வகுப்பு நன்றாகக் காற்றோட்டமாக இருக்கிறது என்று மட்டும் வந்து சொன்னாள். நம்முடைய ஆலும் இருக்கிறதே, அது எதையும் ஒப்புக்கொள்ளாது, செய்தாளா இல்லையா என்று பிடித்துக் கேட்டால் மழுப்பிவிடும், அதை வைத்துத்தான் நாம் தலைமுறை தலைமுறையாக மரியாதை செய்து வந்திருக்கிறோம். அவர்களுடைய ஹூவெல் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற வாக்குமூலம். இதிலே இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நான் பிழையோடு எழுதியிருந்தால், பாவம், மொழி தெரியாத மனிதர் என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வினைச்சொல் எல்லாம் அணிவகுத்து நின்றதைப் பார்த்ததும், இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று நம்பிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையெழுத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

உடனே ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். ஹூவெல்லை எல்லாம் தூக்கிவிட்டு செல்ஃப்ஸ் அல்ஸ் போட்டு, இது எங்கள் வழக்கம், பெண் வீட்டார் இப்படித் தாழ்ந்து எழுதுவது மரியாதை, எங்கள் மகள் ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று விளக்கி, இந்தத் தடவை டீச்சரிடம் காட்டிவிட்டுப் போட்டேன். ஆனால் பொலிஸ் விண்ணப்பத்தை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. அது ஊர் ஊராகப் போய், சென்ற செவ்வாய்க்கிழமைதான் ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், சின்ன வயது. எதற்காக இந்த நற்சான்று என்று சிங்களத்தில் கேட்டார். நானும் ஒளிக்காமல் சிங்களத்தில், இலக்கணத்தில் ஒரு பிரச்சினை என்றேன். பிறகு தேத்தண்ணி குடித்து, புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அவர் வளைவைத் தாண்டுவதற்குள் கிளாக்கர் மகளைத் தேடிப் பொலிஸ் வந்தது என்று கீழ்ப்பிரிவில் ஆகி, பிடித்துக்கொண்டு போனது என்று மேல்பிரிவில் ஆகி, டவுனுக்குப் போய்ச் சேரும்போது கல் கடத்தல் என்று ஆகிவிட்டது. கல் கடை மாடிக்கு நாங்கள் கிழமை தவறாமல் போய்வந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள் அல்லவா. நீங்கள் ஏன் எத்தனை கல் என்று கேட்டீர்கள் என்பது எனக்கு வெள்ளிக்கிழமைதான் விளங்கியது. ஒரு கல்லும் இல்லை மச்சான்.

அதே வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாவிடம் இருந்து பதில் வந்தது. மூன்று பக்கம். நானும் அகராதியும் உட்கார்ந்து வாசித்தோம். பொலிஸ் நற்சான்று கேட்டதற்கு வெட்கப்படுகிறாராம், இனி அது வேண்டாமாம். உங்கள் வழக்கத்தை விளங்கிக்கொண்டேன், பிள்ளைகளைப் பற்றி இரு வீட்டாரும் எழுதிக்கொள்வது நல்ல வழக்கம், ஆகவே என் மகனைப் பற்றி நானும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார் பாருங்கள். என் மகன் ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் செய்து பிரிந்தவனாக இருந்தாலும் உங்கள் மகளை நன்றாக வைத்திருப்பான். அவனுக்கு லோட்டே என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாலும் வீட்டில் இடம் இருக்கிறது. சாப்பிடும்போது வெளியே ஒரு பறவை கத்தினால் தட்டை விட்டு எழுந்து போகிறவனாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவான். குறட்டை விட்டாலும், தலைமுடி கொட்டினாலும், கோவில் பக்கம் போகாவிட்டாலும், மனது நல்லது. எவ்வளவு பணிவு பாருங்கள் மச்சான்! நாம் குற்றங்குறை என்று பொதுப்படையாகச் சொல்லி விட்டுவிடுவோம், இந்த அம்மா பெயரும் வயதும் போட்டுத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். ஹூவெல்தான் போட்டிருக்கிறார், செல்ஃப்ஸ் அல்ஸ் போடவில்லை என்பதையும் கவனித்தேன். என் முதல் கடிதத்தை மரியாதைக்காக அப்படியே பின்பற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள், எந்தத் தாயாவது சம்பந்தி வீட்டுக்குத் தன் மகனைப் பற்றி உண்மையை எழுதுவாளா? தலைமுடி மட்டும் உண்மை, போட்டோவில் தெரிகிறது. ஒன்றாவது உண்மையாக வைப்பது அவர்களுக்கும் முறை போலிருக்கிறது.

ஆகவே துஷ்யந்தியின் பெயரில் ஒரு குற்றமும் இல்லை, மாப்பிள்ளையின் பெயரிலும் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம், பிள்ளை ஒன்றும் இருக்கிறதாம் என்று காதைக் கடித்தால் நம்ப வேண்டாம். அது இலக்கணம் என்று சொல்லி அனுப்பிவிடவும். துஷ்யந்தி பிறந்தபோது முதலில் தூக்கியது நீங்கள். நீங்கள் மாலை எடுத்துக் கொடுக்காமல் அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நானும் பார்க்க விரும்பவில்லை. கோபத்தை அந்த வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடவும். உங்கள் முழங்காலுக்கு உங்கள் தங்கை எண்ணெய் காய்ச்சத் தொடங்கிவிட்டாள். அக்காவுக்கு எங்கள் அன்பு. மாரியாத்தா உங்களுக்கு நல்ல ஆயுளும், இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கிற பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
இருளப்பன்
(ஓய்வுபெற்ற கிளாக்கர்)

பி.கு.: ஒட்ட முன் இந்தக் கடிதத்தைத் துஷ்யந்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “அப்பா, அன்னம்மா எழுதுனது மரியாதைக்கு இல்லப்பா. உண்மை” என்றாள். எது என்று கேட்டேன். எல்லாம் என்றாள். கெஸ்ட் ஹவுஸுக்கு வந்த நாலாம் நாளே அவர் சொல்லிவிட்டாராம், நம்மிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவள்தான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறாள். “இவ்வளவும் தெரிஞ்சுமா?” என்று கத்திவிட்டேன். “தெரிஞ்சுந்தாம்ப்பா” என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போது ஒழுங்கு சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீடியோவில் வந்தார், பக்கத்தில் அந்தப் பிள்ளை. முன்பல் இரண்டும் இல்லை. என்னைக் கண்டதும் “ஓபா” என்றாள். தாத்தா என்று அர்த்தம், அகராதி தேவைப்படவில்லை. உங்கள் தங்கை அடுப்படிக்குப் போய் இரண்டு மணி நேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு வந்து, “ஏழு வயசுன்னா இடுப்பு என்னா அளவு இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். ஆகவே மச்சான், மேலே மாப்பிள்ளையைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். நீங்கள் வரும்போது சீர்த்தட்டில் ஒரு சின்னப் பாவாடை சட்டையும் சேர்த்து வைக்கவும். மஞ்சள் நிறம் என்றால் பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்குமாம்.